பிளாஸ்டிக் ஓட்டின் மேல் நிஜத் தோல்: முதல் போன் கவர் செய்முறை

தோலையும் பிளாஸ்டிக்கையும் ஒரே கவரில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், வெட்டிய தோலை அச்சுக்குள் வைத்து அதன் பின்னால் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துவார்கள். சொல்ல எளிது. ஆனால் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் நன்றாக ஓடவேண்டும் என்றால் ஏறக்குறைய 280 முதல் 320 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஈரமான வெஜ் டேன் தோலோ (தாவரச் சாற்றில் பதனிட்டது) 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். தோல் கருகாமலும், பிளாஸ்டிக் அதன் துளைகள் வழியே மேலே கசியாமலும் இருக்க நடுவில் தடுப்புப் படலம் வைக்கவேண்டும். அதெல்லாம் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பாடு.

நாம் செய்யப்போவது இரண்டாவது வழி: பிளாஸ்டிக் ஓட்டைத் தனியாக வார்த்துக்கொண்டு, தோலை மேலே ஒட்டுவது.

1. ஓடு

வார்த்த கெட்டிப் பாலிகார்பனேட் கவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் கவரில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ரப்பர் போல வளைந்து கொடுக்கும் டிபியு பிளாஸ்டிக் கவரில் பசை பிடித்தாலும், போனில் மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஓடு வளையும், தோல் வளையாது. கொஞ்ச நாளில் ஓரம் எழும்பிவிடும்.

நீங்களே வடிவமைத்து வார்க்கக் கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயங்கள். பாலிகார்பனேட் ஆறும்போது 0.5 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. நீளக் கவரில் அது கிட்டத்தட்ட 1 மி.மீ.; அச்சை அதற்கேற்பப் பெரிதாக வெட்டாவிட்டால் போன் உள்ளே இறங்காது. அடுத்து, வார்ப்பதற்கு முன் பிளாஸ்டிக் குருணையை 120 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தினார்களா என்று கேளுங்கள். ஈரம் இருந்தால் ஓட்டில் வெள்ளிக் கோடுகள் விழும், பலமும் போய்விடும். மூன்றாவது, பின்பக்கத்தில் தோல் உட்கார ஒரு பள்ளம் விடச் சொல்லுங்கள். தோலின் தடிமனைவிட மயிரிழை குறைவான ஆழம் போதும். இந்தப் பள்ளம் இருந்தால் கீழே வரும் மூன்றாவது படியின் பாதி வேலை மிச்சம்.

2. தோல்

0.8 முதல் 1 மி.மீ. தடிமன். அதற்கு மேல் போனால் கையில் செங்கல் பிடித்த மாதிரி இருக்கும். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையைப் பார்த்து மயங்கவேண்டாம். அது தோல்தான் என்று சொல்கிறதே தவிர, நல்ல தோல் என்று சொல்லவில்லை. அடிப்பகுதியைப் பிளந்தெடுத்து மேலே பூச்சு கொடுத்த தோலிலும் அதே முத்திரை இருக்கலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நார்கள் நெருக்கமாக இருந்தால் நல்லது, பஞ்சு போல உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

தட்டையான பின்பக்கத்துக்கு மட்டும் என்றால் குரோம் தோல் (குரோமிய உப்பில் பதனிட்டது), வெஜ் டேன் இரண்டும் சரி. வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் நாளை சட்டைப்பையிலும் ஏறும்.

3. வெட்டுவதும் சீவுவதும்

கவரின் பின்பக்கத்தைக் காகிதத்தில் வரைந்து, ஓரம் வளையத் தொடங்கும் இடத்துக்கு ஒன்றரை மி.மீ. உள்ளே தள்ளி வெட்டி, அதையே தோலில் வைத்து வெட்டுங்கள். கேமரா துளையை இப்போது தொடவேண்டாம்.

இனி ஸ்கைவிங், அதாவது ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது. கடையில் வாங்கிய கவர் போல ஒரு கவர் வருவதும், பள்ளிக்கூடக் கைவேலை போல வருவதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. தோலைக் கவிழ்த்து வழவழப்பான கண்ணாடி அல்லது டைல் மேல் வையுங்கள். புது பிளேடை ஏறக்குறையப் படுக்கவைத்த மாதிரி பிடித்து, கடைசி 5 மி.மீ. அகலத்தை வெளிப்பக்கம் நோக்கிச் சரிவாகச் சீவுங்கள். விளிம்பில் 0.4 மி.மீ. நின்றால் போதும். ஒரே இழுப்பில் எடுக்க ஆசைப்படாதீர்கள். மெல்லிய சுருள் சுருளாக வரவேண்டும். தோல் முன்னால் சுருங்கிக்கொண்டு நகர்ந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் நாலைந்து துண்டுத் தோல்களைக் கெடுத்துவிட்டு அப்புறம் நல்ல தோலுக்கு வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டும்போது எங்கும் தட்டாமல் இருந்தால் சரி.

4. ஒட்டுவது

ஓட்டின் பளபளப்பு போகும்வரை 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோனும் தின்னரும் கிட்டவே வரக்கூடாது. பாலிகார்பனேட்டுக்கு அவை எமன்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் கவருக்குக் காரமான காண்டாக்ட் சிமென்ட்டை (இரு பக்கமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் பசை) தாராளமாகப் பூசினேன். ஒட்டிய அன்று இரும்பு மாதிரி நின்றது. ஒரு வாரத்தில் மூலைகளில் சிலந்தி வலை போல விரிசல். அந்தப் பசையில் இருந்த டொலுயீன் என்ற கரைப்பான், ஏற்கெனவே இறுக்கத்தில் இருந்த மூலைகளைத் தின்றுவிட்டது. அதனால் நீரில் கரைந்த வகைக் காண்டாக்ட் பசையே தொடக்கத்துக்கு நல்லது.

இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். விரலில் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்பு தெரியவேண்டும். இந்தப் பசை தொட்ட இடத்தில் பிடித்துவிடும், நகர்த்தவே முடியாது. ஆகவே நடுவில் பேக்கிங் காகிதம் ஒன்றை வைத்து, அதன் மேல் தோலைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேமரா பக்கத்திலிருந்து காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஸ்பூனின் முதுகால். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

5. கேமரா துளை

ஓட்டின் உட்பக்கமிருந்து, துளையின் விளிம்பே வழிகாட்டியாக, தோலை வெட்டி எடுங்கள். பிறகு வெளியே திருப்பி, தோலின் உள்விளிம்பைச் சாய்வாக ஒரு சுற்றுச் சீவுங்கள். விளிம்பு செங்குத்தாக நின்றால் ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். இரவுப் படங்களில் ஒரு மூலை வெளுத்துப்போகும்.

6. ஓரம்

வெஜ் டேன் என்றால் லேசாக நனைத்து, மரக்கட்டையால் தேய்த்து, தேன்மெழுகு. குரோம் தோல் தேய்த்தால் மினுங்காது. எட்ஜ் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள்.

வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போன் என்றால் ஓடு, பசை, தோல் எல்லாம் சேர்ந்து 3 மி.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழகுக்கென்று உலோகத் தகடு, பொத்தான் எதையும் பின்பக்கம் பதிக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது சூடேறும்.

பக்கங்களையும் போர்த்த ஆசை வந்தால்

அதற்கு வெஜ் டேன்தான் வேண்டும். நனைத்து வளைத்துக் காயவைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும் குணம் அதற்குத்தான் நன்றாக உண்டு. ஸ்பாஞ்சால் இருபுறமும் நனைத்து, ஓட்டின் மேல் இழுத்து, மூலைச் சுருக்கங்களை விரலால் வெளியே தள்ளித் தள்ளி அமுக்குங்கள். ஓட்டுக்குள் போனை வைக்கவேண்டாம், அதே அளவு மரக்கட்டை போதும். இரும்புக் கிளிப் போட்டால் அடியில் பிளாஸ்டிக் தாள் கொடுங்கள். ஈரத் தோலில் இருக்கும் டானின் என்ற பதனிடும் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும், அது எளிதில் போகாது. அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். வடிவம் நின்றபின் கழற்றி, ஓரம் சீவி, மேலே சொன்னபடி ஒட்டுங்கள். என் முதல் இரண்டு முயற்சிகளிலும் மூலைகள் சமோசா மாதிரிதான் வந்தன.