சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு போட்டோ எடிட்டிங், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கம்ப்யூட்டர் பீரியட்ல எடிட்டிங் சாப்ட்வேர திறந்ததும் இது பிரஷ், இது ரப்பர், இது பக்கெட்னு ஒவ்வொரு பட்டனா சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சிடறோம். பத்து நிமிஷத்துல பாதி கிளாஸ் ஜன்னல் பக்கம் பாக்க ஆரம்பிச்சிடும். பட்டன் எல்லாம் அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க, நாம கொடுக்க வேண்டியது ஒரு நல்ல வேலையும் தப்பு பண்ணா பரவாயில்லைங்கற தைரியமும்தான்.

ஒண்ணு, ரெண்டு, மூணாவது பிள்ளைங்களுக்கு டக்ஸ் பெயின்ட்ங்கற வரையற சாப்ட்வேர் போதும். 2002ல வந்தது, இலவசம், 3 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை மனசுல வச்சே செஞ்சது, ஒருதடவை போட்டுட்டா இன்டர்நெட் இல்லாமலே ஓடும், சேவ் பண்ணும்போது ஃபைல் பேரு கூட கேக்காது, திரும்ப திறக்கறப்போ குட்டி குட்டி படமா காட்டும், அதனால எழுத்துக்கூட்டி படிக்கற பிள்ளை கூட தன் படத்த தானே எடுத்துக்கும். நாலு, அஞ்சு வந்துட்டா கிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாப்ட்வேருக்கு போகலாம், அதுவும் இலவசம்தான், ஆனா மெனு ஏகப்பட்டது இருக்கு. முதல் மாசம் கிராப் (வேணுங்கற பகுதிய மட்டும் வெட்டி எடுக்கறது), பிரஷ், கலர் மாத்தறது, லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வரையறது) இந்த நாலத் தவிர வேற எதையும் நீங்களா எடுத்து காட்டாதீங்க.

முதல் கிளாஸ்ல அன்டூ, அதாவது செஞ்சத திருப்பி எடுக்கறது, அது மட்டும்தான். எல்லாருக்கும் ஒரே படத்த குடுத்து "அஞ்சு நிமிஷம் டைம், யாரு இத ரொம்ப கெடுக்கறீங்கன்னு பாக்கலாம்"னு சொல்லுங்க. கிறுக்குவாங்க, கருப்பு பூசுவாங்க. அப்புறம் கண்ட்ரோலும் இசட்டும் சேத்து அழுத்தி ஒவ்வொரு படியா பின்னாடி வரச் சொல்லுங்க (டக்ஸ் பெயின்ட்ல அதுக்குன்னே பட்டனும் இருக்கு). பேப்பர்ல தப்பா ஒரு கோடு போட்டா கசக்கி தூக்கிப் போடற பிள்ளை இருக்கும் பாருங்க, அந்தப் பிள்ளை முகத்த அன்னைக்கு கவனிங்க. ரொம்ப தூரம் போயிட்டா அன்டூவும் முழுசா திரும்ப கொண்டு வராது, அதனால ஒரிஜினல தனியா ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க.

அடுத்தது, நெட்ல இருந்து எடுத்த படத்த விட அவங்களே எடுத்த போட்டோவ வச்சு செய்ய விடுங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை முகம் தேடறது. சுவத்து விரிசல், குழாய், பை ஜிப், நாற்காலியோட முதுகு, எதுலயாவது ஒரு முகம் தெரியுதான்னு தேடி ஒரு போட்டோ எடுக்கணும், அப்புறம் மூணே மூணு கலர் வச்சு அதுக்கு கண்ணு, வாய் மட்டும் போடணும், ஸ்டாம்ப் (ரெடிமேடா இருக்கற குட்டி படங்கள்) எதுவும் கூடாது. ஏன் மூணு கலர்னா, எல்லாத்தையும் திறந்து விட்டா ரெயின்போ பிரஷ்லயே முழு பீரியடும் போயிடும், கட்டுப்பாடு வந்தாதான் யோசிக்க ஆரம்பிக்கறாங்க. மாதிரிப் படம்னு எதையும் முன்னாடி காட்டாதீங்க, காட்டினா முப்பது பேரும் அதையேதான் போடுவாங்க.

கிராப்ப வச்சு கதை சொல்ல வைக்கலாம். மைதானத்துல எடுத்த ஒரே போட்டோவ மூணு விதமா வெட்டச் சொல்லுங்க. ஒண்ணுல ஒரு பிள்ளை தனியா நிக்கற மாதிரி இருக்கும், இன்னொண்ணுல அதே பிள்ளை கூட்டத்துக்கு நடுவுல சிரிக்கும். எது நிஜம்னு கேளுங்க, அரை மணி நேரம் பேசுவாங்க. போட்டோ எப்படி பொய் சொல்லும்னு இதவிட தெளிவா சொல்லிக்கொடுக்க முடியாது.

லேயர்தான் கொஞ்சம் கஷ்டம். ஒரு படத்து மேல கண்ணாடி பேப்பர் வச்சு அதுல மார்க்கரால வரைஞ்சு காட்டிட்டு, பேப்பர எடுத்துட்டா கீழ இருக்கற படம் அப்படியே இருக்குன்னு நேர்ல பாக்க வச்சுட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல காட்டுங்க. "மிஸ், வரைய மாட்டேங்குது"ன்னு சத்தம் வந்தா பெரும்பாலும் ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வேற லேயர்ல நிப்பாங்க. இல்லைனா எங்கயோ ஒரு செலக்‌ஷன் போட்டு (படத்துல ஒரு பகுதிய மட்டும் தேர்ந்தெடுக்கறது, அதுக்கு வெளிய வரைய முடியாது) மறந்திருப்பாங்க, அதுக்கு கிம்ப்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூணையும் சேத்து அழுத்தினா போயிடும். லேயரோட வச்சிருக்கணும்னா கிம்ப்போட சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப்ல சேவ் பண்ணணும், பின்னணி இல்லாத படமா வேணும்னா பிஎன்ஜி, ஜேபெக்ல போட்டா பின்னாடி கலர் ரொம்பிடும்.

நீங்க மவுஸ தொடாதீங்க, இது ரொம்ப முக்கியம். "இங்க குடு நான் பண்றேன்"னு ஒருதடவை வாங்கிட்டா அது உங்க படமா ஆயிடும். "சூப்பர்"னு சொல்லி நகர்ந்துடாம "இதுல என்ன நடக்குது? இவரு எங்க பாக்கறாரு?"ன்னு கேளுங்க, அந்த பதில் சொல்லும்போதே பாதி பேரு படத்த மாத்த ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேருன்னா ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் செய்யணும், பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை மாறிக்கணும்.

ஃப்ரெண்டோட முகத்த எடிட் பண்றதுன்னா அவங்கள கேட்டுட்டுதான், கேலி பண்ற மாதிரி மாத்தறதுக்கு இடமே கிடையாது, இத முதல் நாளே சொல்லிடுங்க. பிள்ளைங்க முகம் தெரியற படத்த பெத்தவங்க சம்மதம் இல்லாம வெளிய எங்கயும் போடாதீங்க, போன் கேமராவுல லொகேஷன ஆஃப் பண்ணிட்டு குடுங்க, ஏன்னா எடுத்த இடமும் போட்டோவுக்குள்ளயே பதிஞ்சிருக்கும்.

ஒவ்வொரு படத்தையும் மாத்த மாத்த தனித்தனியா சேவ் பண்ண வைங்க, சுவத்துல ஒட்டும்போது முதல் போட்டோவும் கடைசியா வந்ததும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். ஸ்கிரீன்ல பளிச்னு தெரியற பச்சையும் நீலமும் பிரின்ட்ல கொஞ்சம் மங்கலாதான் வரும், அதனால எல்லாத்தையும் அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பிரின்ட் எடுத்து பிள்ளைங்க கிட்ட காட்டுங்க, கலர கொஞ்சம் ஏத்தணுமா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும்.