மழைக்காலத்தில் மேலெழ மறுத்த பியானோ கட்டைகள்: என் அனுபவம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், சென்னையில் எங்கள் வீட்டிலுள்ள அப்ரைட் பியானோவின் நடுப்பகுதிக் கட்டைகள் சில, அழுத்தினால் மேலெழாமல் அப்படியே தங்கிவிட்டன. கோளாறு கட்டையிலா, அதற்கு மேலே, கம்பியைத் தட்டும் சுத்தியல் பொறியிலா என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. முன்பலகையைக் கழற்றி, கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கடத்தும், விப்பன் எனப்படும் நெம்புகோலை விரலால் தூக்கிவிட்டபோது அது தடையின்றி இறங்கியது. சுத்தியலும் உடனே திரும்பியது. ஆகவே கட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் ஒரு சமநிலை ஊசியும், முன்முனைக்கு அடியில் ஒரு வழிகாட்டு ஊசியும் உண்டு. உரசலும் ஓசையும் எழாதிருக்க, ஊசிகள் நுழையும் துளைகளின் உட்பக்கத்தில் கம்பளித் துணி ஒட்டப்பட்டிருக்கும். நல்ல கட்டை பக்கவாட்டில் மயிரிழை அளவாவது அசையும். இவை துளியும் அசையவில்லை. ஈரத்தை உறிஞ்சி மரமும் துணியும் உப்பி, ஊசியை இறுக்கிப் பிடித்திருந்தன.

கட்டையை வெளியே எடுத்து, இதற்கென்றே கிடைக்கும் தட்டைத் தாடைக் குறடால் துணியை மெல்ல அழுத்தினேன். அளவு மீறினால் மரம் பிளக்கும், கட்டையும் ஆட்டம் காணும் என்பதால், ஒவ்வோர் அழுத்தலுக்குப் பிறகும் பொருத்திப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் விடச் சொன்ன உறவினருக்குச் செவிசாய்க்கவில்லை. எண்ணெய் துணியில் ஊறித் தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும்.

இப்போது மழைநாட்களில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்குமாறு ஈரநீக்கியை ஓடவிடுகிறேன். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகையும் ஈரத்தில் உப்பிச் சுருதியை ஏற்றிவிடுவதால், சுருதி சேர்ப்பவரை மழை ஓய்ந்து சில வாரங்கள் கழித்தே அழைக்கிறேன்.