முன் சில்லுப் பக்கம் கீச்சுச் சத்தம் வந்தால்

கல்லடிக் கடற்கரையோரம் ஓடும் கார் என்றால், நான் முதலில் புஷ்களைத்தான், அதாவது சில்லைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையங்களைத்தான் பார்ப்பேன். மணலும் உப்புக்காற்றும் சும்மா விடாது. காரை நிறுத்தி, முன் மட்காட்டை அழுத்தி அழுத்தி விடுங்கள். கீச்சென்றால், போத்தல் தண்ணீரை லோவர் ஆம் (சில்லைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ்ஷில் தெளியுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் அந்த ரப்பர்தான். எஞ்சின் ஒயில் மட்டும் பூசிவிடாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சிலிக்கன் கிரீஸ் போதும், வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் முனகுகிறதா? ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு, பொனட்டைத் திறந்து சொக் அப்சோபரின் மேல்முனையில் விரல் வையுங்கள். துள்ளல் தெரிந்தால், அந்த முனை திரும்ப உதவும் மவுண்ட் பெயாரிங்தான் பழுது.

லோவர் ஆமைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அன்றே கராஜுக்குக் கொண்டுபோங்கள். அது கழன்றால் சில்லு மடங்கிவிடும். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மலையேறும் செங்கலடி–பதுளை வீதியில் போகவே வேண்டாம்.