உப்புக் காற்றில் செல்ஃப் எடுக்காத கார்: ஜம்பர் கேபிள் போடும் முறை

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டுப் பாட்டை ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் வெறும் 'டக் டக்' சத்தம். பேட்டரி டவுன் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை என்று கரையோரமாக ஓடும் வண்டிகளில் பேட்டரி டெர்மினலில் (கேபிள் மாட்டும் முனையில்) ஏறிய களிம்பே பல நேரம் காரணமாக இருக்கும்.

பானெட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? ஆசிட் ஆவியும் ஈர உப்புக் காற்றும் சேர்ந்து ஈயத்தையும் செம்பையும் அரித்ததன் அடையாளம் அது. கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் முதல் சந்தேகம் இந்த இணைப்புகள் மேல்தான். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃப் மோட்டாருக்கு நூறுக்கு மேல் வேண்டும். களிம்பு வழியாக அவ்வளவு கரண்ட் போகாது.

பெரும்பாலான கார்களுக்கு 10 எம்.எம். ஸ்பேனர் போதும். மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாற்றிச் செய்தால் பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். செல் மூடிக்குள் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிளஸை முதலில் மாட்டி இறுக்குங்கள். இதிலேயே வண்டி கிளம்பிவிட்டால் ஜம்பர் கேபிளுக்கு (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் கேபிளுக்கு) வேலையில்லை.

கிளம்பவில்லையா? மல்டிமீட்டர் இருந்தால் வையுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12க்குக் கீழே என்றால் டவுன். பேட்டரி உப்பியோ விரிசல் விட்டோ ஆசிட் கசிந்தோ இருந்தால் ஜம்ப் செய்யவே கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தடித்த ரப்பருக்குள் மெல்லிய அலுமினியக் கம்பி ஒளிந்திருக்கும் மலிவுச் சரக்கு சூடாகுமே தவிர வண்டியைக் கிளப்பாது. செம்புக் கம்பியாக, பெட்ரோல் காருக்கு 16 சதுர மி.மீ., டீசலுக்கு 25 என்று கேட்டு வாங்குங்கள்.

உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரியில் மாட்டினால் எலக்ட்ரானிக்ஸ் கருகிவிடும். எலக்ட்ரிக் கார், ஹைபிரிட் கார்களிடம் கேட்காதீர்கள். தனுஷ்கோடி ரோட்டில் ஓரம் முழுக்க மணல். உதவ வந்தவர் தார் ரோட்டை விட்டு இறங்கினால் டயர் புதைந்து இரண்டு வண்டியும் மாட்டிக்கொள்ளும். கேபிள் எட்டும் தூரத்தில், ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். இரண்டிலும் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், எஞ்சின் ஆஃப், லைட், ஏசி எல்லாம் ஆஃப். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம்.

கிளிப் மாட்டும் வரிசை:

1. சிவப்பு – டவுன் ஆன பேட்டரியின் பிளஸ்.
2. சிவப்பின் மறுமுனை – நல்ல பேட்டரியின் பிளஸ்.
3. கறுப்பு – நல்ல பேட்டரியின் மைனஸ்.
4. கறுப்பின் மறுமுனை – டவுன் ஆன வண்டியின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத கனமான இரும்பு.

நாலாவதைத் தவறிக்கூட டவுன் ஆன பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள். கடைசி கிளிப் தொடும்போது பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருந்தால் அது வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். (கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.) நம் ஊரில் இதே நாலாவது கிளிப்தான் ஏமாற்றவும் செய்யும். துருவின் மேல் கடித்தால் கரண்ட் ஓடாது. கிளிப்பை அழுத்தி இரண்டு மூன்று தடவை இடம்வலமாகத் திருகுங்கள், பல் பதிந்து இரும்பு மினுங்க வேண்டும்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் வண்டியில் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். மறுபடி 'டக்' என்றால் நாலாவது கிளிப்பை வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

ஸ்டார்ட் ஆனதும் ஏசி புளோவரைப் போட்டு, மாட்டியதற்குத் தலைகீழாக 4, 3, 2, 1 என்று கழற்றுங்கள். கழற்றும்போது கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. இப்போது டெர்மினலில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) சரி. கேபிளை எடுத்த கையோடு எஞ்சின் அணைந்தால் பேட்டரியை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரை நிற்காமல் வந்தால் ஓரளவு ஏறிவிடும், முழு சார்ஜுக்கு சார்ஜரில்தான் போட வேண்டும். வழியில் பாம்பன் பாலத்தில் ரயிலைப் பார்க்க நின்றாலும் எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டெர்மினலில் வாசலின் தடவிவிடுங்கள். மாதம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவினால் களிம்பு சீக்கிரம் அண்டாது.