இயற்கைப் பாட்டில் அணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாட்டுக்கு அழகு சேர்க்கும் அணிகளின் இலக்கணத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூடப் புதுப் பாட்டைப் பார்த்ததும் தடுமாறுவதுண்டு. எடுத்தவுடனே அணியின் பெயரைத் தேடுவதுதான் காரணம். பாட்டில் இருக்கும் வயலையும் குளத்தையும் முதலில் பாருங்கள். கம்பராமாயணத்தில் கோசல நாட்டை வருணிக்கும் இந்தப் பாட்டை வைத்தே பழகலாம்:

தண்டலை மயில்கள் ஆடத் தாமரை விளக்கம் தாங்கக்
கொண்டல்கள் முழவின் ஏங்கக் குவளைகண் விழித்து நோக்கத்
தெண்திரை எழினி காட்டத் தேம்பிழி மகர யாழின்
வண்டுகள் இனிது பாட மருதம்வீற் றிருக்கும் மாதோ

படி 1: அங்கே உண்மையில் நடப்பது என்ன?

சோலையில் மயில் ஆடுகிறது. தாமரையும் குவளையும் பூத்திருக்கின்றன. மேகம் முழங்குகிறது, நீரில் அலை எழுகிறது, வண்டு முரல்கிறது. இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு, முழவு, கண், எழினி என்னும் திரைச்சீலை, யாழ், வீற்றிருக்கும் மருதம் எல்லாம் கம்பர் சேர்த்தவை. 'மயில்கள் ஆட' என்பதில் அவர் எதையும் சேர்க்கவில்லை. மயில் ஆடத்தான் செய்யும். ஒவ்வொரு சொல்லிலும் அணி தேட வேண்டியதில்லை.

படி 2: உவம உருபு இருக்கிறதா?

போல, புரைய, ஒப்ப, மான, கடுப்ப, நிகர, அன்ன என்று ஒப்புமை காட்டும் 12 உருபுகளை நன்னூல் என்னும் இலக்கண நூல் தருகிறது. இந்தப் பாட்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை! ஆனால் 'முழவின்' என்பதன் கடைசியில் 'இன்' இருக்கிறதே, அது ஒப்புப் பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமை. முழவு போல மேகம் முழங்குகிறது. 'யாழின்' என்பதும் அப்படியே. இரண்டும் உவமை.

படி 3: இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டனவா?

அலை திரைச்சீலை போல இருக்கிறது என்று கம்பர் சொல்லவில்லை. அலையே திரைச்சீலை, தாமரையே விளக்கு. இது உருவகம். சொற்களின் வரிசையும் உதவும்: மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். இத்தனையும் சேர்ந்து ஒரே ஆடலரங்கமாகி, அதைப் பார்க்க மருத நிலமே அரசியாக அமர்ந்துவிடுகிறது பாருங்கள், எனக்கு அலுக்காத இடம் அது.

படி 4: இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமே காரணம் சொல்கிறாரா?

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மதுரையை நெருங்கும்போது வையை ஆற்றில் பூக்கள் நிறைந்து மிதக்கின்றன. இளங்கோ சொல்கிறார்:

தையற்கு உறுவது தானறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்நிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி

கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போல் ஆறு பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைக்கிறதாம். 'போல்' இருப்பதால் உவமை என்று எழுதிவிடாதீர்கள். பூ மிதப்பது இயல்பு. அதற்குச் சொன்ன காரணம் கவிஞருடையது. ஆகவே தற்குறிப்பேற்ற அணி.

சரி, இப்போது நீங்களே ஒன்று செய்யுங்கள். முத்தொள்ளாயிரத்தில், சேர நாட்டு வயலில் செவ்வாம்பல் மலர்கிறது. தண்ணீரில் தீப்பற்றிவிட்டதென்று அஞ்சிப் பறவைகள் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்குகின்றன. பூவைத் தீயென்று எண்ணியது கவிஞரா, பறவையா? பறவைதான் என்றால், அது மயக்க அணி.