திரையில் தேவதைக் கதை, மேடையில் ஆர்கெஸ்ட்ரா: குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

திரையில் கார்ட்டூன் ஓடும், அதற்கான இசையை மேடையில் ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கும். இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு மும்பையில் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நரிமன் பாயின்ட் என்.சி.பி.ஏ. கலையரங்குக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர், சினிமாவுக்குப் போகிற மாதிரியே போகிறார்கள். பத்து நிமிடம் தாமதமானால் என்ன, விளம்பரம்தானே ஓடும் என்ற நினைப்பு. இங்கே அது நடக்காது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கும். அதில் படத்தின் மேல் கோடு நகர்ந்து வரும், புள்ளி மின்னும். பல நேரம் காதில் டிக் டிக் என்று தாளக் கணக்கும் கேட்கும். படம் யாருக்காகவும் நிற்காது, அவராலும் நிறுத்த முடியாது. அதனால் கதவை மூடிவிட்டால் இடைவெளி கிடைக்கும்வரை நீங்கள் வெளியில்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில் நிறுத்தம்) உண்டா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

சபா பழக்கமும் உதவாது. ஷண்முகானந்தா சபாக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேன்டீன் பக்கம் நகர்கிறோம் (நகரக் கூடாதுதான்). இங்கே அப்படி ஓர் இடமே வராது. பாத்ரூம் வேலையை முன்பே முடித்துவிடுங்கள். முறுக்குப் பொட்டலம் பையிலேயே இருக்கட்டும். புல்லாங்குழல் தனியாக வாசிக்கும்போது கவர் சரசரத்தால் நாலு வரிசைக்குக் கேட்கும்.

கூடுதல் காசு கொடுத்து முன்வரிசை வாங்குவதும் வேண்டாம். திரை வாத்தியக்காரர்களின் தலைக்கு மேலே இருக்கும், பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும். எதிரே உள்ள வயலின்தான் காதை அடைக்கும். நடு வரிசையோ பால்கனியின் முன்பக்கமோ நல்லது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, சஸ்பென்ஸ் போய்விடும் என்று கதையைச் சொல்லாமல் கூட்டிப்போவது. அப்புறம் உள்ளே உட்கார்ந்து முழுப் படத்துக்கும் காதோரம் தமிழில் கமென்டரி! கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து என்ன என்ற கவலை இல்லாத குழந்தைதான் வாத்தியங்களைக் கவனிக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936-இல் எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதை என்றால் இன்னும் வசதி. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை கேட்கவைத்தால் போதும். ஹார்ன் ஒலித்ததுமே பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ‘இது என்ன வாத்தியம், சொல்லு’ என்று பரீட்சை வைக்காதீர்கள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் டாக்ஸி பிடிக்க எழுந்து ஓடுகிறார்கள் பாருங்கள், அதுவும் தவறு. ஆர்கெஸ்ட்ரா அப்போதும் வாசித்துக்கொண்டுதான் இருக்கும். வசனமோ வேறு சத்தமோ குறுக்கே வராமல் முழு இசையும் கேட்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கண்டக்டர் திரும்பி வணங்கிய பிறகு எழுந்தால் என்ன, சர்ச்கேட்டில் வண்டிக்கா பஞ்சம்?