பழைய பாய்மரப் படகு: செயின்பிளேட் ஒழுகலை நிறுத்திய விதம்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் பழைய படகு பார்க்கப் போனால் பாயையும் ஜிபிஎஸ்ஸையும் பிறகு பாருங்கள்; முதலில் செயின்பிளேட். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகோடு பிணையும் பட்டை அது. நான் வாங்கியதில், அது டெக்கை (படகின் மேல்தளத்தை) துளைத்து இறங்கும் இடத்தில் பழுப்புக் கறை. பாதிப் பேர் மேலே சிலிக்கோன் பசை பூசிவிடுவார்கள். வீண் வேலை.

பாய்மரம் சாயாமலிருக்க, ஹேலியார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) அந்தப் பக்கம் இறுக்கிக் கட்டி, ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் கழற்றினேன். எவர்சில்வர்தானே என்று நம்பக்கூடாது. காற்றுப் படாமல் ஈரம் தேங்கினால் அதுவும் அரிக்கும். மயிரிழை விரிசல் தெரிந்தாலே 316 ரக எவர்சில்வரில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

டெக்கின் அடுக்குகளுக்கு நடுவே வைத்திருந்த பால்சா என்ற லேசான மரம் ஊறிப்போயிருந்தது. துளையைச் சுற்றி 2 செ.மீ. சுரண்டி, மழை படாமல் தார்ப்பாய் கட்டி, ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) உலர்த்தி, கெட்டியாக்கிய எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பி, மறுபடி துளையிட்டேன். நம்மூர் வெப்பத்தில் எபாக்சி கிண்ணத்திலேயே புகையும்! மெதுவாக இறுக வைக்கும் ஹார்டனர் (பிசினோடு கலக்கும் இரண்டாவது திரவம்) வாங்குங்கள்; காலை 9 மணிக்குள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். துளையின் மேல்மூடிக்கு அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை). 10 நிமிடம் ஹோஸ் அடித்தும் உள்ளே ஒரு சொட்டு இல்லை.